மலைக்குளிரில் ஒட்டிய படகு

டிசம்பர் 2ஆம் வாரம், காலை 7 மணி. ஷெட்டைத் திறந்து, முந்தின நாள் ஒட்டிய கண்ணாடி இழை டேப்பின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பினேன். பழைய காலண்டர் தாள் போல டேப் முழு நீளத்துக்கும் உரிந்து கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பிசின் கல்லாக இறுகியிருந்தது, டேப்பில் ஊறிய பிசினும் இறுகியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மட்டும் ஒட்டவில்லை.

செண்பகனூரில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் 8 அடிக்குச் சற்றுக் குறைந்த ஒரு பாய்ப்படகைக் கட்டினேன். அன்று காலை வரை அதை மர வேலை என்று நினைத்திருந்தேன். மரத்தை அறுப்பதும் வளைப்பதும் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கொடைக்கானல் மலையில் படகு கட்டினால் பாதி வேலை காற்றோடும் குளிரோடும் ஈரத்தோடும்தான். இந்த மலையில் இதைச் செய்ய நினைக்கும் இன்னொருவருக்கு உதவும் என்பதால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றி. 1947இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகு வடிவமைப்பாளர், 8க்கு 4 அடி ப்ளைவுட் 2 தாளில் அடங்கிவிடும்படி சிறுவர்களுக்காக ஒரு பாய்ப்படகு வரைந்தார். ஆப்டிமிஸ்ட் என்று பெயர். மூக்கு கூராக இல்லாமல் மொட்டையாக, ஒரு தொட்டியைப் போல இருக்கும். நீளம் 2.36 மீட்டர். இன்றும் உலகம் முழுவதும் பிள்ளைகள் பாய் பிடிக்கப் பழகுவது அதில்தான். என் படகு அதன் அச்சு நகல் அல்ல. நீள அகலத்தையும் மொட்டை மூக்கையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, கட்டும் முறைக்கு வேறொரு படகைப் பின்பற்றினேன். 1962இல் இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட மிரர் என்ற படகு, சட்டம் எதுவும் இல்லாமல், பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து மூட்டில் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து ஒட்டும் முறையைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுபோனது. துணி தைப்பது போலத்தான். வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் உருவம் தானாக எழுந்து வருகிறது.

என் மாமனார் வேம்பாற்றுக்காரர். இளவயதில் தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்கு ஓடியவர். போனில் இந்த முறையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வங்கு இல்லாமலா மாப்ள?" என்று கேட்டார். வங்கு என்றால் படகின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம். இல்லை மாமா, மூட்டில் இருக்கும் பிசின்தான் எலும்பு என்றேன். "அப்ப அந்தப் பிசின நல்லாப் பாத்துக்க" என்றார். அவர் பார்த்து வளர்ந்த ஓடாவிகள், அதாவது படகு கட்டும் தச்சர்கள், பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அது தண்ணீர் புகாமல் தடுக்கும், ஆனால் பலகையைப் பிடித்து வைப்பது ஆணியும் வங்கும்தான். என் படகில் இரண்டு வேலையும் பிசின் தலையில் விழுந்திருந்தது. அவர் சொன்னதன் முழு எடை டிசம்பரில்தான் எனக்குப் புரிந்தது.

ப்ளைவுட்டிலேயே ஒரு பாடம் கிடைத்தது. 6 மில்லிமீட்டர் மரைன் ப்ளை 2 தாள் வாங்கினேன். மரைன் ப்ளைக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. பசை கொதிநீரில் 72 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் சோதனைகளில் ஒன்று. தாளில் முத்திரை இருந்தது. இருந்தாலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டை அறுத்து, விறகடுப்பில் ஒரு பழைய பாத்திரத்தில் காலையிலிருந்து மாலை வரை கொதிக்கவிட்டேன். 6 மணி நேரத்தில் ஓரம் பிரிந்து, படகுக்கு ஆகாதென்று ஆகிவிட்டது. கடைக்காரரிடம் துண்டைக் காட்டினேன். எதுவும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்த தாளின் துண்டு 2 நாள் கொதித்தும் அசையவில்லை. முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெட்டின ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். உள் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம். அந்த ஓட்டையில் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே உளுக்க ஆரம்பிக்கும்.

தாள்கள் வத்தலக்குண்டிலிருந்து காட் ரோட்டில் மேலே வந்தது ஒரு காய்கறி வேனில். கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிகளில் பல காலியாகத்தான் திரும்புகின்றன. ஓட்டுநரிடம் சொல்லி வைத்தால் போதும். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை அமைத்தபோது முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் வரவழைத்தார். அப்போது இந்த ரோடு கிடையாது. ஒரு முழுப் படகு இந்த மலை ஏறியிருக்கிறது என்பதை நான் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அறுக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. எங்கள் தெருவில் ஜன்னல் நிலை செய்யும் ஆசாரி அண்ணன் ஜிக்சா கொடுத்தார், கூடவே ஒரு நுட்பமும் சொன்னார். "நல்ல பக்கத்தக் கீழ வச்சு அறுங்க தம்பி, சிலாம்பு மேல் பக்கம்தான் கிளம்பும்." ஜிக்சா பிளேடு மேலே ஏறும்போதுதான் வெட்டுகிறது என்பதால் அப்படி. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கிளாம்ப் போட்டு, இழைப்புளியால் ஓரத்தைச் சேர்த்தே இழைத்தோம். இரண்டும் ஒரே அச்சாக இருந்தால்தான் படகு நேராக எழும்.

தையலுக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பி. ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, 15 செ.மீ.க்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் துளை. கம்பியை நுழைத்து வெளிப்பக்கம் முறுக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் தளர்வாக விட்டு, கடைசியில் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூட்டை முதலிலேயே இறுக்கினால் பக்கத்துத் துளை கிழியும். தரையில் ஒரு சதுரப் பலகைக் குவியலாகக் கிடந்தது ஒரே மதியத்தில் படகாக எழுந்து நின்றது. அந்த மதியத்தை நான் மறக்க மாட்டேன். மனைவியும் மகளும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, மகள் உள்ளே ஏறி உட்கார்ந்தே விட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் அன்றே ஒட்டிவிடாமல் ஒரு நாள் முழுக்க அளந்தேன். அணியத்தின் நடுவிலிருந்து அமரத்தின் நடுவுக்கு ஒரு நூல். அணியம் முன்பக்கம், அமரம் பின்பக்கம், மாமா சொல்லிக் கொடுத்த சொற்கள். மூலைக்கு மூலை குறுக்களவு பார்த்தால் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். படகின் மேல் முன்னும் பின்னும் ஒவ்வொரு ரீப்பரைக் குறுக்காகப் படுக்கவைத்து, குனிந்து ஒரே கண்ணால் பார்த்தபோது ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தது. படகு முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலைக்கு அடியில் ஆப்பு வைத்து, எதிர் மூலையில் செங்கல் ஏற்றி, 4 இடத்தில் கம்பியைத் தளர்த்தி மறுபடி இறுக்கியதும் 2 மில்லிமீட்டருக்கு வந்தது. பிசின் ஏறிய பிறகு முறுக்கை எடுக்க வழியே கிடையாது. இந்த ஒரு நாளை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இப்போது பிசினுக்கு வருகிறேன்.

எப்பாக்ஸி என்பது பிசின், ஹார்டனர் என்று இரண்டு டப்பா. எனக்குக் கிடைத்ததில் எடைக்கு 100 கிராம் பிசினுக்கு 50 கிராம் ஹார்டனர். ஒவ்வொரு சரக்குக்கும் கணக்கு வேறு, டப்பாவில் எழுதியிருக்கும். சமையலறைத் தராசில் 1 கிராம் வரை துல்லியமாக நிறுக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கெட்டுத்தான் போகும். உள் மூலைகளில் கொடுக்கும் சாந்துக்கு, கலந்த பிசினில் மரமாவைச் சேர்த்து வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரமாவு நம் உப்புத்தாள் தேய்ப்பில் விழுந்ததுதான், சல்லடையில் சலித்துக்கொண்டேன். மலை மூட்டத்தில் அது ஈரம் குடித்திருக்கும். அதனால் ஒரு தனி வாணலியில் சூடு ஏற நன்றாக வறுத்து, ஆறவிட்டு, டப்பாவில் மூடி வைத்துக்கொண்டேன். ஈர மாவைக் கலந்தால் சாந்துக்குள் நுரை நுரையாகக் குமிழ் வரும்.

முதல் நாள் மூலைச் சாந்து பூசினேன். ஷெட்டில் வெப்பமானி 9 டிகிரி காட்டியது. 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது எப்பாக்ஸி வேலையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 25 டிகிரியில் 6 மணி நேரம் பிடிப்பது 15 டிகிரியில் 12 மணி நேரம் பிடிக்கும். 10க்குக் கீழே போனால் நேரம் நீள்வது மட்டுமில்லை, சாதாரண ஹார்டனர் வேலையையே பாதியில் நிறுத்திவிடும். இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனால் குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து ஷெட்டுக்குள் வைத்து, நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மூடிய அறையில் கரி அடுப்போடு ஆள் இருக்கவே கூடாது. உயிர் போகும். குளிருக்காக அப்படிப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தி இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் சாந்து இறுகியிருந்தது. தொட்டால் மெழுகு தடவினதுபோல ஒரு வழுவழுப்பு. சரி, தேய்த்தால் போய்விடும் என்று உப்புத்தாள் போட்டேன். தாள் அடைத்துக்கொண்டது, வேறு தாள் எடுத்துத் தேய்த்தேன். அதன் மேல் டேப்பை வைத்துப் பிசின் ஊற்றி ஒட்டினேன். மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன காலை.

அந்த வழுவழுப்பு என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு 3 நாள் பிடித்தது. ஹார்டனர் அமீன் என்ற வகைச் சேர்மம். குளிரில் அது பிசினோடு முழுதாகச் சேர்வதற்கு முன்பே ஒரு பகுதி மேற்பரப்புக்கு வந்து, காற்றில் இருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. குளிர், ஈரம், கரியமில வாயு மூன்றும் கூடினால் படலம் கூடும். குளிரும் ஈரமும் டிசம்பர் மலையில் ஏற்கெனவே இருந்தன. மூன்றாவதை நானே அடுப்பில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். கரியோ விறகோ மண்ணெண்ணெயோ எரிவாயுவோ, எது எரிந்தாலும் கரியமில வாயுதான் வரும், கரியைத் தவிர மற்றவற்றில் நீராவியும் கூடவே வரும். புகைபோக்கி இல்லாமல் ஷெட்டுக்குள் எதை எரித்தாலும் பிசினுக்குப் பகை.

இதற்கு மருந்து உப்புத்தாள் அல்ல, வெதுவெதுப்பான தண்ணீர். அந்தப் படலம் தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சுத்தத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் உப்புத்தாள் எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலத்தைக் கீறல்களுக்குள் இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம் என்று அர்த்தம். டேப் உரிந்ததற்கு அதுதான் காரணம். 2 நாள் உட்கார்ந்து எல்லா மூலையையும் கழுவித் தேய்த்து மறுபடி ஆரம்பித்தேன்.

சூட்டுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. கோழிக்குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கத் தொங்கவிடும் 250 வாட் சிவப்பு விளக்குகள் 2 வாங்கினேன். படகின் மேல் மூங்கில் வளைத்துக் கட்டி, தார்ப்பாய் மூடி, அதற்கு மேல் பழைய கம்பளிகளைப் போட்டேன். உள்ளே விளக்குகளைத் துணியிலிருந்து முழங்கை அளவுக்கு மேல் தள்ளி, கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். கயிற்றில் கட்டாதீர்கள். ஷெட் முழுதும் 9 டிகிரி, கூடாரத்துக்குள் 24. முதல் 2 மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு, தவிட்டு மூட்டைக்கு நடுவில் சுடுதண்ணீர் கேன்கள் தயாராக வைத்தேன். ஒரு இரவு அது உதவியது.

இன்னொன்றும் இந்த மலையில் கற்றுக்கொண்டேன். மரத்தின் நுண்ணிய துளைகளில் காற்று இருக்கிறது. மரம் சூடேறும்போது அந்தக் காற்று விரிந்து வெளியே வரும், ஆறும்போது உள்ளே இழுக்கும். காலையில் பிசின் பூசினால் வெயில் ஏற ஏற மரம் மூச்சை வெளியே விட்டு மேற்பரப்பெங்கும் ஊசிக்கண் போலக் குமிழ் வரும். மதியம் 2 மணி வரை படகை வெயிலில் வைத்து, 3 மணிக்கு உள்ளே கொண்டுவந்து பூசினால் மரம் ஆறிக்கொண்டே பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு 4 மணிக்கு மூட்டம் இறங்குவதற்குள் கூடாரத்தை மூடிவிட வேண்டும். இப்படி ஒரு நாளில் எனக்குக் கிடைத்தது 1 மணி நேர வேலைதான். ஜனவரி முழுதும், பிப்ரவரி பாதியும் அப்படித்தான் போனது. சில நாள் மூட்டம் காலையிலேயே வந்துவிடும், அன்று பாய்மர வேலை.

கையுறை இல்லாமல் இந்தப் பிசினைத் தொடாதீர்கள். முதல் நாள் ஒன்றும் செய்யாது. உடம்பு ஒருமுறை ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் அதன் பிறகு வாசனை பட்டாலே தடிப்பு வரும் நிலைக்குப் போகலாம். இறுகின பிசினைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

பிசின் இறுகிய பிறகு செம்புக் கம்பியை வெளியே எடுக்கச் சால்டரிங் அயர்னின் முனையைக் கம்பியில் அரை நிமிடம் வைத்தால் சுற்றியிருக்கும் பிசின் இளகும், இடுக்கியால் இழுத்தால் சுலபமாக வரும். படகைக் கவிழ்த்து, வெளி மூலைகளை உருட்டி, டேப் ஒட்டி, அடிப்பலகை முழுதும் கண்ணாடித் துணி விரித்தேன். இந்த முறை நகத்தால் நெம்பியபோது நகம்தான் உடைந்தது.

விளிம்புச் சட்டத்துக்கு சில்வர் ஓக். தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே மரம், அறுவை மில்லில் ரீப்பராகவே கிடைத்தது. 20க்கு 12 மில்லிமீட்டர். வளைப்பதற்கு, சுடுதண்ணீரில் நனைத்த சாக்கைச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்து, படகில் வெறுமனே கட்டி வைத்து, ஒரு வாரம் காய்ந்த பிறகுதான் ஒட்டினேன். நிறைய கிளாம்ப் வேண்டும். 4 அங்குல பி.வி.சி. குழாயை 4 செ.மீ. வளையமாக அறுத்து, ஒரு பக்கம் கீறிவிட்டால் நல்ல பிடிமானமுள்ள கிளாம்ப் ஆகும். 24 செய்தேன்.

படகின் நடுவில் அடிப்பலகை வழியாகக் கீழே இறங்கும் ஒரு பலகை உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நண்டு போல நகராமல் பிடிப்பது அதுதான். அது ஏறி இறங்கும் கூட்டை ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கம் 3 பூச்சு கொடுத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு கை நுழையாது. நான் கூட்டின் அடியை மூடி, தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு நிற்க வைத்துப் பார்த்த பிறகுதான் படகில் வைத்தேன்.

பாய்மரம் 2.4 மீட்டர் கல்மூங்கில். அடிப்பகுதி 45 மில்லிமீட்டர் கனம், உள்ளே பொந்து இல்லாதது. கணுக்களை மட்டும் இழைத்து, பிசின் பூசினேன். பாயின் மேல் மூலையைத் தூக்கிப் பிடிக்கக் குறுக்காக ஒரு மெல்லிய மூங்கில், 2.3 மீட்டர். கீழே ஒன்று. எல்லாமே ஏறத்தாழ படகின் நீளம்தான் என்பதால் வண்டியில் ஏற்றுவது எளிது.

பாய் தைத்ததில்தான் மாமா முழுதாக இறங்கினார். துணி, கடையில் விற்கும் வெள்ளைத் தார்ப்பாய்தான். பாய்மர ஓரம் 1.7 மீட்டர், கீழ் ஓரம் 2, பின் ஓரம் 2.8, மேல் ஓரம் 1.25. பரப்பு கிட்டத்தட்ட 3.3 சதுர மீட்டர். நான் ஓரங்களை ஸ்கேல் வைத்து நேர்க்கோடாகப் போட்டுவிட்டேன். வீடியோ காலில் பார்த்தவர், "அது பாய் இல்ல மாப்ள, கதவு. பாய்க்கு வயிறு வேணும்" என்றார். பாய்மர ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நேர்க்கோட்டை விட 4 செ.மீ. வெளியே வில்லாக வளைத்து வெட்டச் சொன்னார். அந்த வளைந்த ஓரத்தை நேரான மூங்கிலில் கட்டும்போது மிச்சத் துணி உள்ளே தள்ளப்பட்டுப் பாய்க்கு வயிறு விழுகிறது. அந்த வயிற்றின் வளைவில் காற்று ஓடும்போதுதான் படகு காற்றுக்குச் சாய்வாக எதிரேறிப் போக முடிகிறது. தட்டையான பாய் பின்காற்றில் ஓடும், எதிரேறுவதற்குத் திணறும். மூலைகளில் 4 மடிப்பு, கித்தான் பை தைக்கும் கடையில் தைத்து, பித்தளை வளையம் அடித்து வாங்கினேன்.

பெயின்ட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. எப்பாக்ஸி வெயிலில் கெடும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரும் கூடும் என்பதால், குளிர்கிறதே என்று இங்கே வெயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் மூடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் படகை ஏற்றினோம். 44 கிலோ. செலவு மொத்தம் 24,000 ரூபாய்க்குப் பக்கத்தில்.

நகரத்து ஏரியில் இறக்குவது அனுமதி சம்பந்தப்பட்டது. முதல் முதலாக இறக்கும் படகை அங்கே கொண்டுபோகவும் எனக்கு மனம் இல்லை. பூம்பாறைப் பக்கம் நண்பன் தோட்டத்தில் ஒரு ஏக்கர் அளவுக்குத் தடுப்பணைக் குளம் இருக்கிறது. மே மாதம் ஒரு காலையில் அங்கே இறக்கினோம். பாய் ஏற்றும் முன்பே வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் போட்டு, கரையில் நண்பன் லாரி ட்யூபும் கயிறுமாக நிற்க, விளிம்பில் ஏறி மிதித்தேன். மலைத் தண்ணீர் மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் பேச வரவில்லை. படகு மிதக்க உள்ளே 20 லிட்டர் கேன் 3 கட்டியிருந்தேன். 60 கிலோ தூக்கும். நீர் நிரம்பியும் படகு மிதந்தது, ஆனால் வழுக்கும் கேன் ஒன்று பெல்ட்டிலிருந்து நழுவி வெளியே போய்விட்டது. அன்று பாய் ஏற்றவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கேனுக்கும் குறுக்கு பெல்ட் இன்னொன்று அடித்தேன்.

அடுத்த வாரம் மாமா வந்தார். ஷெட்டில் படகைச் சுற்றி வந்து, விரல் மூட்டால் ஒவ்வொரு மூலையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உள் மூலைச் சாந்தை நீளத்துக்குத் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. "வண்டியக் கூப்பிடு" என்றார்.

குளத்தில் 11 மணிக்கு மேல்தான் காற்று எழுந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு, காற்று ஒரே திசையில் 2 நிமிடம் நிற்காது. முதல் வீச்சில் பாய் வயிறு விட்டு நிமிர்ந்தது. மொட்டை மூக்கின் அடியில் தண்ணீர் சலசலவென்று பேச ஆரம்பித்தது. 7 மாதம் ஷெட்டில் கிடந்த பலகை என் கைக்குக் கீழே உயிரோடு இழுக்கிறது என்று உணர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு குறை. சுக்கான் பிடியை ஒரு கணம் தளர்த்தினாலும் படகு மூக்கைக் காற்றுக்குள் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். எதிர்க்கரை போய்ச் சேர்வதற்குள் முழங்கை வலித்தது.

மாமா கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பி வந்ததும் படகுக்குள் குனிந்து, பாய்மரம் நுழையும் குறுக்குப் பலகையின் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். "பாய் பின்னாடி உக்காந்து தள்ளுது மாப்ள. மரத்த அணியத்துப் பக்கம் ஒரு விரல் சாய்." நண்பனிடம் அரிவாள் வாங்கி, வேலியில் கிடந்த ஒரு கட்டையில் ஆப்பு செதுக்கினார். மரத்துக்குப் பின்பக்கம் அதை வைத்து, அரிவாளின் முதுகால் 2 தட்டு தட்டினார். மரம் லேசாக முன்னே சாய்ந்தது. பாயின் அழுத்தம் நடுப்பலகைக்கு நேராக வந்துவிட்டது என்று பிறகு நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன்.

அப்புறம் அவரே ஏறிக்கொண்டார். 71 வயது. அமரத்துப் பக்கம் அடிப்பலகையில் உட்கார்ந்து, பாய்க் கயிற்றை ஒரு கையில் சுற்றாமல் பிடித்து, இன்னொரு கையின் 2 விரலை மட்டும் சுக்கான் பிடிமேல் வைத்தார். படகு குளத்தின் குறுக்கே கோடு கிழித்ததுபோலப் போனது. நடுக்குளத்தில் அந்த 2 விரலையும் எடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, கையைத் தூக்கிக் காட்டினார்.